பதிவுபெற்ற குரலும் பதிவுபெறாத குரலும்: ஈழத்துத் தமிழ்ப் பொப் இசை பற்றிய ஒரு மலையக நோக்கு

ஈழத்துத் தமிழ்ப் பொப் இசை பற்றி நமது திறனாய்வாளர் எழுதியவை மிகச் சிலவே. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஆகியவற்றை அறியாத ஈழத்தவர் அரியர். எனினும், மரபிசை போற்றுவோர் அவற்றில் இலக்கணம் இல்லை என்றனர். முற்போக்காளர் சமூக உள்ளடக்கம் இல்லை என்றனர். இவ்விரு தீர்ப்புகளும் மீள்பரிசீலனைக்குரியன.

முதலில் உருவத்தை நோக்குவோம். ‘சின்ன மாமியே’ இளைஞன் ஒருவன் மாமியிடம் அவள் மகளைப் பற்றி வினவும் உரையாடல். 1960களின் பிற்பகுதியிலே, தென்னிந்தியத் திரைப்பாடலின் செந்தமிழ்ச் சாயலை விலக்கி, வீட்டுப் பேச்சினைக் கிற்றாரின் எளிய சுரக்கட்டுடன் இணைத்தமை அதன் சாதனை. போர்த்துக்கேயர் தொடர்பால் விளைந்த பைலாத் தாளம் இதற்குத் துணைநின்றது. இங்கிலாந்திலே 1970களின் முற்பகுதியில் மதுச்சாலைகளிற் பாடிய றொக் குழுக்களும் பகட்டான இசையமைப்பை விடுத்து எளிமையை நாடின. சூழல்கள் வேறாயினும் நாட்டம் ஒத்ததே.

இவ்விசையின் வளர்ச்சிக்குப் பொருளாதாரப் பின்னணியும் உண்டு. 1970இல் ஆட்சிக்கு வந்த கூட்டு முன்னணி அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு குறைந்தது; உள்நாட்டுக் கலை முயற்சிகளுக்கு இடம் கிடைத்தது. ஆயின் அதே காலப்பகுதியில், 1973–74இல், மலையகத் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. தேசியக் கலைக்கு வாய்ப்பளித்த அதே பொருளாதாரம் தேயிலைத் தொழிலாளியின் அரிசியையும் மாவையும் குறைத்தது. இம்முரண்பாட்டை விடுத்து அக்காலக் கலையை மதிப்பிடல் இயலாது.

‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்ற பாடல் குடியை நகைச்சுவையோடு கண்டிக்கிறது. அறிவுரை நல்லதே. ஆனால் ஹற்றனிலோ நுவரெலியாவிலோ அதனைக் கேட்கும் தோட்டத் தொழிலாளிக்குக் குடி தனிமனிதனின் ஒழுக்கக் குறை மட்டுமன்று. சாராயக் குத்தகையால் வருவாய் ஈட்டியது காலனித்துவ அரசு. லயத்து வாழ்வின் இறுக்கமும் நாட்கூலியும் குடிக்கு இடமளித்தன. குடிப்பவனைக் காணும் பாடல், குடிக்கச் செய்யும் அமைப்பைக் காணவில்லை. இதுவே இவ்விசையின் வர்க்க எல்லை.

பேச்சுத்தமிழைப் பாடலாக்கும் மரபு மலையகத்துக்குப் புதியதன்று. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ இதற்குச் சான்று. பிரட்டுக்கு அழைத்த தப்பே திருவிழாவிலும் சாவீட்டிலும் ஒலித்தது. துரையும் கங்காணியும் பாட்டிலே எள்ளலுக்கு உள்ளாயினர். பொப் இசைக்கு இசைத்தட்டும் வானொலியும் வாய்த்தன. கொழுந்து பறித்தவளின் குரலுக்கு அவை எளிதில் வாய்க்கவில்லை. எது பதிவுபெறுகிறது என்பது கலைத்தரத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. உற்பத்திச் சாதனம் யார் கையில் உள்ளது என்பதாலும் தீர்மானிக்கப்படுகிறது.

‘சுராங்கனி’யின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். சிங்களமும் தமிழும் கலந்த அப்பாடல் 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற திரைப்படத்தின் வழியே தமிழகத்தில் பரவியது. 1948இல் குடியுரிமை இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பங்கிடப்பட்ட மலையக மக்கள், அதே தசாப்தத்தில் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர். பாடல் கடல் கடந்தபோது கைதட்டல் கிடைத்தது. தொழிலாளி கடந்தபோது ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயர் கிடைத்தது.

எனவே பொப் இசையைப் புறக்கணிப்பதும் தவறு. அதனை முழுமையான மக்கள் இசையெனக் கொண்டாடுவதும் தவறு. அது மொழியை மக்களிடமிருந்து பெற்றது. ஆனால் உழைப்பின் அனுபவத்தை முழுமையாகப் பெறவில்லை. இனிவரும் ஆய்வாளர் இசைத்தட்டுகளைத் தேடும் அதே ஊக்கத்துடன், லயங்களில் இன்றும் பாடக்கூடிய முதியோரின் குரல்களையும் ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். அவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதே ஈழத்துத் தமிழரின் வெகுசன இசை வரலாறு முழுமை பெறும்.