துவக்கேந்திய பரணி

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனைப் பாடுவது பரணி என்பது பாட்டியல் நூலார் வகுத்த இலக்கணம். எண்ணிக்கையை மட்டும் நோக்கின், பதுளையில் உத்தியோகம் பார்த்த மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேயருக்கும் ஒரு பரணி பாடியிருக்கலாம். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாள்வதற்குள் அவர் 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றார் என்பர். ஆயின் அவை போர்முகத்து யானைகள் அல்ல. காட்டிலே தழை மேய்ந்தவை.

ரொஜர்ஸுக்குப் புலவன் வாய்க்கவில்லை. அவருக்குப் பின் நுவரெலியாவில் குடியேறிய சாமுவெல் பேக்கரோ, தாமே வேட்டையாடித் தாமே பாடினார். 1850களில் வெளிவந்த அவரது ‘இலங்கையில் துவக்கும் வேட்டைநாயும்’ விறுவிறுப்பான நூல் என்பதை மறுப்பது நேர்மையாகாது. அந்த விறுவிறுப்பு எப்படிப் பிறக்கிறது என்பதே நம் கேள்வி. யானை மூர்க்கமானது, வஞ்சம் தீர்ப்பது என்று ஆசிரியர் முதலிலேயே நிறுவிவிடுகிறார். பிறகு ஒவ்வொரு கொலையும் இரு வீரர் பொருதும் களமாகிவிடுகிறது. களத்தைக் காட்டும் நடை கணக்கை மறைத்துவிடுகிறது.

அந்தக் கணக்கைத் தருபவர் வேறு எவருமல்லர். இலங்கையின் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனென்ற்தான். 1848க்கு முந்திய, மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. 1851க்கும் 1856க்குமிடையில் தென் மாகாணத்தில் 2000. தலைக்குச் சில சிலிங் அரச சன்மானம்! நம் யானைகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தந்தமே இல்லை. ஆதலால் தந்த ஆசை என்றும் சமாதானம் கூறமுடியாது. மலைநாட்டுக் காடு கோப்பிக்காக வெட்டி எரிக்கப்பட்ட காலமும் அதுவே. பேக்கர் நாய்களோடு மரை துரத்திய ஹோர்ட்டன் சமவெளியில் அன்று யானைகளும் உலவின, இன்று ஒன்றுமில்லை. பழத்தைத் தின்று, விதையைச் சாணத்தோடு தொலைவில் இட்டுக் காட்டை மீண்டும் முளைப்பிக்கும் விலங்கு போனபின், எஞ்சிய காடும் பழைய காடாக இராது.

1913இல் லெனாட் வூல்ஃப் எழுதிய ‘காட்டினுள் ஒரு கிராமம்’ என்ற பொருள்படும் நாவலிலும் ஒரு வேட்டைக்காரன் வருகிறான். சிலிந்து கொல்வது வயிற்றுக்காக. காட்டை அறிந்தவன், அறிந்ததனாலேயே அதற்கு அஞ்சுபவன். சேனை வெட்டுவதற்கான அனுமதியைக் கிராமத் தலைவன் மறுக்கிறான். பொய் வழக்கும் தொடுக்கப்படுகிறது. துரத்தப்பட்ட விலங்கு திரும்பிப் பாய்வதுபோல, இறுதியில் சிலிந்து தலைவனையும் அவனுக்குத் துணைநின்ற வட்டிக்காரனையும் சுட்டு வீழ்த்துகிறான். அம்பாந்தோட்டையில் வூல்ஃபும் அதே அரசின் அதிகாரியாகவே இருந்தார் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

2023இலும் இத்தீவில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானை ஒருபுறம், ஏழை விவசாயி மறுபுறம் என்று செய்தித்தாள்கள் இன்றும் களம் வகுக்கின்றன. காடு யாருக்காக வெட்டப்பட்டது என்ற வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. பேக்கரின் பக்கங்களில் கிராமத்தவர் சுவடு காட்டுவோராகவும் சுமை தூக்குவோராகவுமே வந்து மறைகின்றனர். அவர்களில் ஒருவனை நடுவில் நிறுத்திய நாவல் வர ஏறத்தாழ அறுபது ஆண்டு சென்றது.