நேர்–மறை அச்சும் பெயரிடும் அதிகாரமும்

மூளைப் பகுதிகளுக்கிடையேயான தொடர்புகளை ஆராய எந்தப் பன்மாறிப் பகுப்பாய்வு முறையைத் தெரிவது என்பது புள்ளிவிபரவியலாரின் உள்வீட்டுப் பிரச்சினையாகவே கருதப்படுகின்றது. விமர்சகருக்கும் அதில் வேலையுண்டு என்பது எமது கருத்து.

ஸ்டீபன் ஸ்மித் குழுவினர் 2015இல் 'நேச்சர் நியூரோசயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வை நோக்குவோம். அதிலே 461 அமெரிக்கரின் எம்.ஆர்.ஐ. படங்கள் ஆராயப்பட்டன. மூளையிற் குறிக்கப்பட்ட முனைகள் 200. இரண்டிரண்டாக இணைத்தால் 19,900 தொடர்புகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து, நூற்றுக்கு ஐந்து என்ற வழமையான எல்லையைக் கொள்வோமாயின், ஏறத்தாழ ஆயிரம் 'கண்டுபிடிப்புகள்' தற்செயலாகவே வந்துவிடும். எனவே ஆய்வாளர் தொடர்புகளின் அட்டவணையையும், கல்வி, வருமானம், பழக்கவழக்கம் முதலாய 158 மாறிகளின் அட்டவணையையும் முழுமையாக எதிரெதிரே வைத்து, இரண்டும் கூடியவரை ஒன்றித்து அசையும் கலவையைத் தேடும் 'கனோனிக்கல் கொரிலேஷன்' முறையைக் கைக்கொண்டனர். பகுதியை முழுமையினின்றும் பிரிக்காத இத்தெரிவு சரியானதே. ஆனால், ஆட்களிலும் மாறிகள் மிகுந்தால் இம்முறை எப்பொழுதும் பூரண ஒற்றுமையையே காட்டும். அதனால் இரு அட்டவணைகளும் முற்கூட்டியே 100 கூறுகளாகச் சுருக்கப்பட்டன. அந்த 100 ஆய்வாளர் இட்ட எண், தரவு இட்டதன்று.

கிடைத்த ஒரேயொரு வலுவான அச்சின் ஒரு முனையில் சொல்வளம், கல்வியாண்டுகள், வருமானம், வாழ்க்கைத் திருப்தி; மறுமுனையில் புகைத்தல், சினம், விதிமீறல். இதற்கு இடப்பட்ட பெயர் 'நேர்–மறை'. மேற்கோட்குறிக்குள் இட்டார்கள் என்பது உண்மையே. குறி பெயரின் கூர்மையை மழுக்கவில்லை. கணிப்புத் தந்தது எவை எவற்றோடு கூடிநிற்கின்றன என்பதை மட்டுமே. நன்மை தீமை என்பது அதன்மீது ஏற்றப்பட்ட வாசிப்பு. 'வர்க்கம்' என்று பெயரிட்டிருப்பின் அதே எண்கள் வேறு கதை சொல்லியிருக்கும். உயரம், நிறை, இரத்த அழுத்தம் ஆகியன குழப்பும் மாறிகளெனக் கணிப்புக்கு முன்னரே களையப்பட்டமையும் மனங்கொளத்தக்கது. வாழ்நிலை உடலிற் பதித்த சுவடுகள் இரைச்சலாயின. வருமானமோ ஆளின் இயல்புகளுள் ஒன்றாய் எஞ்சிற்று.

'விதிமீறல்' என்னும் மாறியைச் சுன்னாகத்தில் வைத்துப் பார்ப்போம். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும் யாழ்ப்பாணத்துக் கோயில்கள், தேநீர்க்கடைகள் பல தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி பொலிஸாரின் தடையை மீறிச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. வினாக்கொத்தின்படி ஊர்வலத்தார் நிற்கவேண்டியது மறைமுனையில். சட்டத்தை நாள்தோறும் மீறிய கடைக்காரர், வருமானமும் சொல்வளமும் உடையராதலின், நேர்முனையில்!

ஆகவே முறையைத் தெரியுமுன் எதைக் களைவது, எதை வைப்பது என்பதைத் தெரிதல் வேண்டும். ஒரே வருமானத்தட்டினுள் மட்டும் கணித்தாலும் அவ்வச்சு நிலைக்குமா என்பதே நாம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி.