விசேஷம் உண்டா?

"என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?"

ஆம்பூரிலிருந்து பள்ளிக்குச் செல்லும் பேருந்திலே, நம் பெயரும் அறியாத, ஊரும் அறியாத மூதாட்டி ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. கழுத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், கேட்டுவிட்டார். நமக்கு மணமாகி எட்டுத் திங்கள் ஆகின்றன. "இல்லை, பாட்டி" என்றோம். "இன்னுமா இல்லை?" என்றார். அந்த 'இன்னுமா'வில் வழிந்த இரக்கம் இருக்கிறதே, அதைவிட ஏச்சே மேல்! முன்னிருக்கையில் அமர்ந்திருந்த ஷூ கம்பெனிப் பெண்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவர்கள் இந்தத் தேர்வை முன்பே எழுதி முடித்தவர்கள்.

'விசேஷம்' என்ற சொல்லே நம்முடையது அன்று. கருவுற்றாயா என்று நல்ல தமிழில் கேட்க நாணம்; கேட்காமலிருக்கவோ மனமில்லை. ஆகவே இரவல் சொல்லொன்றைப் போர்த்திக்கொண்டு வருகிறது கேள்வி.

பாட்டியை நாம் குறை கூறோம். அவர் புதுமணப்பெண்ணாக இருந்த நாளில் அவரையும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள். கேட்பதே அன்பு என்று அவருக்குக் கற்பித்துவிட்டார்கள். பள்ளிப்படியும் மிதித்தறியாதவர் அவர். ஆனால் பட்டம் பெற்றவர், உலகம் சுற்றியவர், கையிலே ஒலிவாங்கி ஏந்தியவர், அதே கேள்வியை ஆங்கிலத்திலே கேட்கும்போது அதற்குப் 'பேட்டி' என்று பெயராகிறதே, அந்த விந்தையைத்தான் இங்கே ஆராய விரும்புகிறோம்.

2016ஆம் ஆண்டு சூலைத் திங்கள். மகளிர் இரட்டையர் டென்னிசில் உலகின் முதலிடத்தில் இருந்த சானியா மிர்சா, தம் வாழ்க்கை வரலாற்று நூலை வெளியிட்ட நேரம். தொலைக்காட்சியிலே அவரைப் பேட்டி கண்டவர் ராஜ்தீப் சர்தேசாய், நாடறிந்த செய்தியாளர். எப்போது வாழ்க்கையில் நிலைகொள்ளப் போகிறீர், தாய்மை பற்றியும் குடும்பம் பற்றியும் நூலிலே காணோமே என்ற கருத்தில் அவர் கேட்டார். சானியாவுக்கோ 2010லேயே மணமாகிவிட்டது. உலகில் முதலிடத்தில் இருப்பதை விடுத்துத் தாய்மையை நான் தேர்ந்துகொள்ளவில்லை என்பதில் தங்களுக்கு ஏமாற்றம் போலும் என்ற பொருள்பட அவர் மறுமொழி தந்தார். எத்தனை கோப்பைகள் வென்றாலும், குழந்தை பெறும்வரை பெண் நிலைகொண்டவளாகக் கருதப்படுவதில்லை என்றும் சொன்னார். சர்தேசாய் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டார். ஓர் ஆண் வீரரிடம் இப்படிக் கேட்டிருக்க மாட்டேன் என்றும் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் கேள்வி அவருடைய தனிக்கண்டுபிடிப்பா? இல்லையே! நம் பேருந்துப் பாட்டியின் கேள்விதானே கோட்டு அணிந்து அரங்கிலே வந்து அமர்ந்திருந்தது?

நாம் தமிழாசிரியர். ஆதலால் இலக்கணம் கொண்டே இதனை அளந்து பார்க்கிறோம். வினா அறுவகைப்படும் என்று மாணவர்க்குச் சொல்லித் தருகிறோம்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. 'விசேஷம் உண்டா' என்பது இவற்றுள் எது? தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் அறியாவினா என்று தோன்றும். தோற்றம் மட்டுமே அது. "சாப்பிட்டாயா?" என்று தாய் கேட்டால் "போய்ச் சாப்பிடு" என்று பொருள், அதுபோல "உண்டா?" என்றால் "பெறு" என்று பொருள். ஏவல்வினா அது! கேட்பவர் விடையை எதிர்நோக்கவில்லை; கீழ்ப்படிதலை எதிர்நோக்குகிறார். சானியா கண்டுகொண்டது அந்த ஏவலைத்தான்.

ஏவலுக்குப் பணிந்து கருவுற்றால் கேள்வி ஓய்ந்துவிடுமா? ஓயாது, ஐயவினாவாக உருமாறும். பாடகி சின்மயிக்கு 2022 சூனில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. கருவுற்றிருந்த காலத்தில் வயிறு தெரியும் படம் எதையும் அவர் வெளியிடவில்லை. உடனே, வாடகைத் தாய் மூலம் பெற்றீரா என்று கேட்கத் தொடங்கிவிட்டது உலகம். நடிகை தீபிகா படுகோன், 2024 மே 20ஆம் நாள், மும்பையிலே வாக்களிக்க வந்தார், வயிறு தெரிந்தது. அது மெய்வயிறுதானா என்று ஆராயத் தொடங்கினர் அறிவாளிகள்! செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்தது. காட்டாவிட்டால் களவு, காட்டினால் பொய். எந்தக் கணக்கிலேதான் பெண் தேர்ச்சி பெறுவது?

நயன்தாரா நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அதில் ஒரு நல்ல கேள்வி இருந்தது. அந்த நல்ல கேள்வியை நாம் அனைவரும் சேர்ந்து கைவிட்டோம். நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் 2022 சூன் 9ஆம் நாள் மாமல்லபுரத்தில் மணவிழா நடத்தினர். அக்டோபர் 9ஆம் நாள், இரட்டை ஆண் குழந்தைகளுக்குப் பெற்றோரானோம் என்று அறிவித்தனர். "நான்கே மாதமா?" என்று விரல் விட்டு எண்ணாத திண்ணை உண்டா, தேநீர்க்கடை உண்டா? வாடகைத் தாய்முறையை ஒழுங்குபடுத்தும் சட்டம் அவ்வாண்டு சனவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. மக்கள் நல்வாழ்வுத் துறை விசாரித்தது. 2016 மார்ச்சிலேயே பதிவுத் திருமணம் நடந்திருந்ததும், விதிமீறல் ஏதும் இல்லை என்பதும் அம்மாத இறுதியில் வெளியான அறிக்கையில் தெரிந்தன. பதிவேடுகளைச் சரிவரப் பேணவில்லை என்று மருத்துவமனைமீதுதான் குறை காணப்பட்டது.

அரசு விசாரித்தது தவறென்று நாம் கூறமாட்டோம். சட்டம் இருந்தால் விசாரணையும் இருக்கத்தான் வேண்டும். அதிலும் வாடகைத் தாய்முறையிலே, வறுமையால் உடலை வாடகைக்கு விடும் ஏழைப்பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு என்ன கிடைத்தது? அவள் உடல்நலத்தைப் பார்ப்பவர் யார்? பிரசவத்தில் அவளுக்கு ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார்? எந்தப் பெண்ணைக் குறித்தும், எந்த மருத்துவமனையைக் குறித்தும் கேட்கத் தக்க கேள்விகள் இவை. இவற்றைக் கேட்டவர் எத்தனை பேர்? கேட்டதெல்லாம் நடிகையின் வயிற்றைப் பற்றியும் மணநாளைப் பற்றியுமே! சமதர்மம் பேசும் நம் இளைஞர்களும் அந்த வாரத்தில் ஏழைப்பெண்ணை மறந்து நாள்கணக்குப் பார்த்தனர். பஞ்சாங்கத்தைக் கிழித்தெறிந்த கையால் மாதம் எண்ணுவது என்ன பகுத்தறிவு?

"பொதுவாழ்வுக்கு வந்துவிட்டால் கேட்கத்தானே செய்வார்கள்?" என்பர் சிலர். நியூசிலாந்தில் ஜெசிந்தா ஆர்டர்ன் 2017 ஆகஸ்டில் கட்சித் தலைவரான சில மணி நேரத்துக்குள், குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று தொலைக்காட்சியில் கேட்டனர். மறுநாள் இன்னொரு நிகழ்ச்சியாளர், வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு இதை அறியும் உரிமை உண்டு என்று வாதிட்டார். தம்மிடம் கேட்பதையாவது பொறுக்கலாம், மற்றப் பெண்களிடம் வேலைக்கான நேர்காணலில் கேட்பது ஏற்கவே இயலாதது என்று ஆர்டர்ன் விரலை நீட்டிச் சொன்னார். 2018 சூனில், தலைமையமைச்சராக இருந்துகொண்டே, பெண் குழந்தை பெற்றார், ஆறு வாரம் விடுப்பில் இருந்தார், நாடு கவிழ்ந்துவிடவில்லை.

ஆர்டர்ன் சுட்டிய இடம் கூர்மையானது. விண்மீன்களிடம் ஒலிவாங்கி கேட்கும் கேள்வியே, வாயிற்படியில் நிற்கும் உழைப்பாளிப் பெண்ணிடம் மேலாளர் கேட்கும் கேள்வி. தமிழிலே 'நேர்காணல்' என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது. நட்சத்திரங்களின் தொல்லை நமக்கெதற்கு என்று கேட்கும் தோழர்கள் நம் தோல் வட்டாரத்துக்கு வந்து பார்க்கட்டும்.

இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. விடிந்ததும் சிற்றூர்தோறும் கம்பெனி வண்டிகள் வந்து நிற்கும். சோற்றுத் தூக்கோடு பெண்கள் ஏறுவர். இப்பக்கத்து ஷூ கம்பெனிகளில் தையல் வரிசையில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்களே. சென்ற ஆண்டு நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனாள். திரும்பி வந்து நம்மிடம் சொன்னாள்: "டீச்சர், கல்யாணம் ஆச்சான்னு கேட்டாங்க. எப்போ ஆகும்னு கேட்டாங்க. ஆனா நின்னுடுவியான்னு கேட்டாங்க. மிஷின் ஓட்டத் தெரியுமான்னு கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல."

அவள் அக்காள் மணமானவள், வேறொரு கம்பெனியில் வேலை. சேர்க்கும்போதே, இரண்டு ஆண்டுக்குக் குழந்தை வேண்டாம் என்று வாயால் உறுதி வாங்கிக்கொண்டார்களாம். மாலையில் வீடு திரும்பினால் மாமியார் வீட்டிலே "விசேஷம் உண்டா?" காலையில் கேட்பவர் ஏவுவது 'பெறாதே'; இரவில் கேட்பவர் ஏவுவது 'பெறு'. ஒரே பெண், ஒரே நாள், ஒரே கேள்வி, இரண்டு ஆணை! உன் எண்ணம் என்ன என்று கேட்கும் வினாவுக்கு மட்டும் இடமே இல்லை. கருத்தடை வேண்டும் என்று பிறர் நாட்டுப் பொருளாதாரத்தையும் உடல்நலத்தையும் காட்டிப் பேசிய நாளிலே, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று தனித்து நின்று வாதாடினார் பெரியார். அந்த வேறுபாடு எத்துணை ஆழமானது என்பது அந்த அக்காளைப் பார்த்த பிறகே நமக்கு விளங்கிற்று.

படிக்காத மேற்பார்வையாளரின் பழக்கம் இது என்று ஒதுக்கிவிட இயலாது. அச்சடித்த படிவத்திலேயே கேட்ட நாடு இது! முதன்முறை கருவுற்றாலே விமானப் பணிப்பெண்ணுக்கு வேலை போய்விடும் என்று ஏர் இந்தியா விதி வைத்திருந்தது. உச்சநீதிமன்றம் 1981இல் அதனைச் செல்லாதாக்கிற்று. ஆயுள் காப்பீட்டுக் கழகம், வேலைக்கு வரும் பெண்ணிடம் கடைசி மாதவிடாய் நாளையும், எத்தனை முறை கருவுற்றாள் என்பதையும் எழுதி வாங்கியது. நீரா மாத்தூர் என்பவர் தொடுத்த வழக்கில், 1991இல், அவ்வினாக்களை நீக்குமாறு அதே நீதிமன்றம் பணித்தது. முப்பதாண்டு கழித்துப் பாரத ஸ்டேட் வங்கி, மூன்று திங்களுக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் 'தற்காலிகமாகத் தகுதியற்றவர்' என்று சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் கிளம்பவே 2022 சனவரியில் கைவிட்டது. 2024 சூனில், ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்கள் திருப்பியனுப்பப்படுவதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது, நிறுவனம் மறுத்தது, ஒன்றிய அரசு தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது.

"ஆறு மாதம் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தால் முதலாளி என்ன ஆவான்?" என்று ஆசிரியர் அறையிலேயே ஒருவர் கேட்டார். பேறுகால விடுப்பு 2017இல் 26 வாரமாக உயர்ந்தது உண்மை. ஆனால் ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிக்கு அந்த 26 வாரப் பணத்தைத் தருவது ஈ.எஸ்.ஐ.யே, முதலாளியும் தொழிலாளியும் திங்கள்தோறும் செலுத்தும் தொகையிலிருந்து அது வருகிறது. கம்பெனிப் பெட்டியிலிருந்து தனியே எடுத்துக் கொடுப்பதன்று. ஷூ கம்பெனிகள் பலவற்றில் அந்த அட்டை பெண்களின் கையிலேயே இருக்கிறது. பிறகு எதற்கு அந்தக் கேள்வி? நண்பர் விடை கூறவில்லை; கைப்பேசியை எடுத்துக்கொண்டார். அதிலே ஒரு நடிகையின் வயிற்றுக்கு வட்டமிட்ட படம்!

இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர் ஐடா ஸ்கட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தந்தையோடு தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று கணவன்மார் வந்து, பிரசவத்தில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு அவரை அழைத்தனர். நான் மருத்துவர் அல்லேன், என் தந்தை மருத்துவர் என்றார் ஐடா. ஆடவர் பார்க்கலாகாது என்று மூவரும் மறுத்துப் போயினர். மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே அவரை மருத்துவராக்கி, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு பணி தொடங்க வைத்தது. சாகிற பெண்ணை மருத்துவர் பார்க்கக் கூடாது என்ற அதே சமுதாயந்தான், இன்று நலமாக இருக்கும் பெண்ணை ஊரே பார்க்க வேண்டும் என்கிறது. மாறிவிட்டதா? திரையைப் போட்டவரும் அவளைக் கேட்கவில்லை. திரையைக் கிழித்தவரும் அவளைக் கேட்கவில்லை.

அப்படியானால் பெண்ணிடம் எதையுமே கேட்கக் கூடாதா என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. கேட்கலாம், தாராளமாக! அவரே பேச முன்வந்ததைக் கேட்கலாம். வேலையைப் பற்றிக் கேட்கலாம். 2025இல் தீபிகாவின் பெயரோடு எட்டு மணி நேர வேலை பற்றிய பேச்சு எழுந்தது. அது நல்ல கேள்வி; 1923இலேயே சென்னையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய நாடு இது, எட்டு மணி நேரம் நமக்கு அயலான செய்தியா? ஆயின் அதே ஆண்டு நவம்பரில், சென்னையில், திரைப்படம் பற்றிய செய்தியாளர் சந்திப்பில் நடிகை கௌரி கிஷனின் உடல் எடை பற்றிக் கதாநாயகனிடம் கேட்டவர்கள் இருந்தனர். கௌரி அரங்கிலேயே எதிர்த்துப் பேசினார். அவருக்கு ஒலிவாங்கி இருந்தது. நம் மாணவிக்கு அது இல்லை. வேலை வேண்டுமே என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

சென்ற திங்கள் வகுப்பிலே ஒரு பயிற்சி தந்தோம்: ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண் ஒருவரைப் பேட்டி காண்பதாகக் கொண்டு பத்து வினாக்கள் எழுதுக. பெரும்பாலான ஏடுகளில் முதல் வினா, "உங்களுக்கு எத்தனைக் குழந்தைகள்?" மாணவர் எழுதியதும் அதுவே, மாணவியர் எழுதியதும் அதுவே. அவரவர் தாயிடமே போய்க் கேட்டு எழுதி வாருங்கள் என்று ஏடுகளைத் திருப்பிக் கொடுத்தோம். மறுநாள் ஒரு பையனின் ஏட்டில் முதல் வினா அடிக்கப்பட்டு, அதன் மேலே பென்சிலால் எழுதியிருந்தது: "நாள் முழுக்க மிஷின் ஓட்டினால் எங்கே வலிக்கும்?" அதற்குரிய விடை ஒன்றரைப் பக்கம்.