மாணவர் போகிறார், ஆய்வு போவதில்லை

பல்கலைக்கழகமும் கம்பனியும் கைகோத்தால் புத்தாக்கம் பெருகும் என்ற பேச்சு இலங்கையில் இன்று எல்லா மேடையிலும் கேட்கிறது. கொழும்பில் அந்தக் கூட்டு இதுவரை எதைத் தந்தது என்று கணக்குப் பார்த்தால் விடை இரண்டாகப் பிரிகிறது. ஆட்களை உருவாக்குவதில் அது நன்றாகவே வேலை செய்திருக்கிறது. ஆய்வைப் பொருளாக்குவதில் தடுமாறியிருக்கிறது. கிடைத்த பயனும் பெரிய கம்பனிகளின் வாசலோடு நின்றுவிட்டது.

முதலில் நிறையைப் பார்ப்போம். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் பிள்ளை இருக்கும் வெள்ளவத்தை வீடுகளில் மொறட்டுவைப் பொறியியல் பீடத்தின் பெயர் அடிபடாத நாளில்லை. அங்கே நுழைந்த பிள்ளை பட்டம் முடிக்குமுன் மாதக்கணக்கில் ஒரு நிறுவனத்தில் ‘ட்ரெயினிங்’ செய்தாக வேண்டும். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும் இதில் பங்கெடுக்கிறது. பலருக்கு முதல் வேலை அந்த நிறுவனத்திலேயே அமைகிறது. ஆள் தேடி அலையும் செலவு கம்பனிக்கு மிச்சம்.

இந்த வழி எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு மென்பொருள் துறையே சான்று. ஐ.பி.எம். ஆய்வாளராக இருந்து நாடு திரும்பிய சஞ்சீவ வீரவரண 2003இல் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைத் தொடங்கினார். 2005இல் அவர் இணைந்து நிறுவிய டபிள்யூஎஸ்ஓ2 மென்பொருள் நிறுவனம் பிறந்தது. எவரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலத் திட்டங்களில் மொறட்டுவை மாணவர்கள் எழுதிய நிரல்களை உலகமே பார்த்தது. கூகுள் நடத்தும் கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் முதற் பத்தாண்டில் அதிக மாணவர்கள் தேர்வானது இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்துதான். 2024இல் டபிள்யூஎஸ்ஓ2வை சுவீடனின் இக்யூடி முதலீட்டு நிறுவனம் வாங்க முன்வந்தபோது அதன் மதிப்பு 60 கோடி டொலருக்கு மேல்.

இந்த வெற்றிக்குத் துறையின் இயல்பே பாதிக் காரணம். திறந்த மூலத்தில் உரிமை யாருக்கு என்ற வழக்குப் பெரும்பாலும் எழுவதில்லை. ஆய்வுகூடம் வேண்டாம், ஆலை வேண்டாம். ஒரு கணினியும் இணைய இணைப்பும் போதும். அதே சூத்திரத்தைப் பசளைக்கும் உலோகத்துக்கும் போட்டுப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது.

ஸ்லின்டெக் எனப்படும் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தின் கதை அதைத்தான் காட்டுகிறது. 2008இல் அரசும் பிராண்டிக்ஸ், மாஸ், டயலொக், ஹேலீஸ், லோட்ஸ்டார் ஆகிய தனியார் நிறுவனங்களும் சேர்ந்து இதை அமைத்தன. யூரியாவை நனோ துகளோடு பிணைத்து நைதரசனை மெல்ல மெல்ல வெளிவிடும் பசளையை இதன் ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் நெல் விளைச்சல் குறையவில்லை என்ற முடிவு 2017இல் ஏசிஎஸ் நனோ ஆய்விதழில் வெளிவந்தது. விஞ்ஞானமாக இது முதல்தரம். ஆனால் நாட்டில் யூரியா ஆக்கும் ஆலை இல்லை. பங்காளிகளில் எவரும் யூரியா உற்பத்தியாளர் அல்லர். காப்புரிமை இந்தியாவின் நாகார்ஜுனா பசளை நிறுவனத்துக்குப் போனது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை விழுந்து வயல்கள் தவித்தபோது, இந்திய விமானப்படை விமானங்களில் வேறொரு நனோ நைதரசன் திரவம் கொழும்பு வந்திறங்கியது. இரண்டும் ஒரே பொருள் அல்ல என்றாலும், கண்டுபிடிப்பை வைத்திருந்த நாடு அதன் உறவுக்காரப் பொருளுக்கு அயலவரிடம் கையேந்தியது. ஆய்வாளரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கண்டுபிடிப்பை யார் கையேற்றுச் செய்வார் என்ற கேள்வி தொடக்கத்திலேயே பங்காளிகள் முன் வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அந்தக் கேள்வி முன்கூட்டியே கேட்கப்பட்ட இடத்தில் பலன் கிடைத்திருக்கிறது. டயலொக்கும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய செல்பேசி ஆய்வுகூடத்தின் பங்களிப்போடு உருவான அனர்த்த எச்சரிக்கை வலையமைப்பு 2009இல் இயங்கத் தொடங்கியது. சுனாமி கண்ட நாட்டுக்கு அது தேவைப்பட்டது. தொலைபேசி வலையமைப்போ கம்பனியின் கையிலேயே இருந்தது.

பெரிய கம்பனி இல்லாத தொழில்களுக்கு இந்தக் கதவு எங்கே? செட்டியார் தெரு நகைப் பட்டறைகள், கொட்டாஞ்சேனையின் சிறு தொழிலகங்கள், பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகள் எல்லாம் நகரின் மறுமுனையில் இருக்கின்றன. பட்டறைத் தூசியிலிருந்து தங்கத்தை மீட்பது, அமிலப் புகையைப் பாதுகாப்பாக வெளியேற்றுவது போன்றவை ஒரு இறுதியாண்டு மாணவரின் ஆய்வுக்கு நல்ல தலைப்புகள். நாட்டின் உற்பத்தியில் ஏறக்குறைய பாதி சிறு, நடுத்தரத் தொழில்களிலிருந்து வருவதாக அரசின் கொள்கை ஆவணமே சொல்கிறது. ஆனால் ஒரு பத்தருக்குப் பீடாதிபதிக்குக் கடிதம் எழுதவோ ஒப்பந்தத்தில் கையொப்பமிடச் சட்டத்தரணியை வைக்கவோ வசதியில்லை. விரிவுரையாளருக்கும் பட்டறைப் படியேறினால் இலாபமில்லை. பதவி உயர்வு பெரிதும் ஆய்விதழ்க் கட்டுரைகளைப் பொறுத்தது.

உலக வங்கியின் 10 கோடி டொலர் உயர்கல்வித் திட்டம் 2017இல் தொடங்கிய காலத்தையொட்டிப் பல்கலைக்கழகங்களில் வணிக இணைப்புப் பிரிவுகள் வளர்ந்தன. நல்ல முயற்சி. ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதத்தையே ஆய்வுக்குச் செலவிடும் நாட்டில் அலுவலகம் திறப்பதால் மட்டும் ஆய்வு பெருகாது. 1949இல் தொடங்கிய ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் நிறுவனங்கள் அரசு தரும் அடிப்படை நிதியில் காலூன்றிக்கொண்டு தொழிலகங்களுக்குக் கட்டண ஆய்வு செய்கின்றன. நடுத்தர ஆலைகளும் அங்கே வாடிக்கையாளர்கள்.

அந்த அளவுக்குப் பணம் நம்மிடம் இல்லை. இருப்பதை வேறுவிதமாகப் பங்கிட முடியும். ட்ரெயினிங் இடங்களில் ஒரு பகுதியைச் சிறு தொழிலகக் குழுக்களுக்கு ஒதுக்கி, மாணவரின் கொடுப்பனவை அரசு ஏற்கலாம். பட்டறையில் தீர்த்து வைத்த பிரச்சினைக்கு விரிவுரையாளரின் பதவி உயர்வில் புள்ளி கொடுக்கலாம். சிறு தொழிலகங்களின் விண்ணப்பத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் வாங்கலாம். இவற்றைச் செய்யாமல் புரிந்துணர்வு ஒப்பந்தங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், பல்கலைக்கழகம் கம்பனிகளுக்கு ஆள் தரும் இடமாகவே இருக்கும்.