பொன்முடிச் சாலைக்கு எந்த டயர்?

தாரிலும் மண்பாதையிலும் ஓடும் கிராவல் சைக்கிளுக்கு டயர் தேடுபவர்களின் கண் முதலில் டயரின் மேல் துருத்தி நிற்கும் பட்டன்களில்தான் போய் நிற்கிறது. பட்டன் பெரிதாக இருந்தால் பிடிமானமும் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. திருவனந்தபுரத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நகரிலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி மலைக்குப் போகும் சுமார் 60 கிலோமீட்டரும், கடைசியில் வரும் 22 கொண்டை ஊசி வளைவுகள் உட்பட, தார்ச்சாலைதான். செம்மண் தடம் வேண்டுமென்றால் ரப்பர் தோட்டங்களுக்குள் திரும்ப வேண்டும். ஆகவே இங்கே முதலில் பார்க்க வேண்டியது டயரின் அகலமும் காற்றழுத்தமும். பட்டன் அதற்குப் பிறகுதான்.

இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் பட்டன் இல்லாவிட்டால் வழுக்காதா என்று கேட்கலாம். கார் டயரின் வரிப்பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றுவதற்காக இருப்பவை. சைக்கிள் டயர் குறுகலானது, வளைந்தது. அது தானாகவே நீரைப் பிளந்துகொண்டு போகும். 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நீர்ப்படலத்தின் மேல் மிதக்க மணிக்கு 100 கி.மீ. வேகமாவது வேண்டும். நனைந்த தாரில் பிடிமானம் தருவது சாலையைத் தொடும் ரப்பர். உயரமான பட்டன்களோ வளைவில் சாயும்போது நெளிந்துகொடுக்கும். சேற்றில் அவை உதவும் என்பது உண்மைதான். ஆனால் ஈரச் செம்மண் இடைவெளிகளில் அப்பிக்கொண்டால் பட்டன் டயரும் மொட்டை டயர்தான். மழைக்காலத்திலும் தோட்டப் பாதைக்குப் போகிறவர்கள் முன்சக்கரத்துக்கு மட்டும் பட்டன் டயர் போட்டால் போதும்.

மெல்லிய டயர்தான் வேகம் என்ற வாதமும் வழவழப்பான சாலையில்தான் செல்லும். குண்டும் குழியுமான தாரில் 80 பி.எஸ்.ஐ. ஏற்றிய 28 மி.மீ. டயர் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும். அந்த அதிர்வு ஓட்டுபவரின் உடலில்தான் இறங்கி வலுவைத் தின்கிறது. 40 மி.மீ. டயர் 35 முதல் 40 பி.எஸ்.ஐ.யிலேயே அதைத் தாங்கிக்கொள்ளும். ட்யூப்லெஸ் டயராக இருந்தால், சிறு முள் குத்தலை உள்ளே ஊற்றிய சீலன்ட் திரவமே அடைத்துவிடும். வெப்பத்தில் அது உலர்ந்துவிடுவதால் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக ஊற்ற வேண்டும். அந்த வேலை பிடிக்காதவர்கள் ட்யூபோடு ஓட்டலாம், அழுத்தத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் நுண்ணிய வரிகளும் ஓரத்தில் பட்டன்களும் கொண்ட பானரேசர் கிராவல்கிங் எஸ்.எஸ்., நெருக்கமான குட்டைப் பட்டன்கள் கொண்ட கான்டினென்டல் டெர்ரா ஸ்பீடு இரண்டும் இந்த ஊருக்குப் பொருந்தும். வாங்கும் முன் ஃப்ரேமில் டயரின் இருபுறமும் ஐந்தாறு மி.மீ. இடைவெளி மிஞ்சுகிறதா என்று அளந்து பாருங்கள்.