போப்பாண்டவரான பெண்!

"பெண்ணொருத்தி ஆணுடை தரித்தாள்; அறிவால் அனைவரையும் வென்றாள்; ரோமாபுரியில் போப்பாண்டவராகவே கொலு வீற்றிருந்தாள்! மதபீடத்தின் மாண்பு இதுதான், மறுக்க முடியுமா?" என்று மார்தட்டினார் நண்பர் ஒருவர்.

மறுக்க முடியும், தோழர்களே! மறுக்கத்தான் வேண்டும்.

கதையைப் பரப்பியவர், 13ஆம் நூற்றாண்டுத் துறவி, ஒப்பாவா நகரத்து மார்ட்டின். மைன்ஸ் நகரத்து மங்கை ஜோன், காதலனுடன் ஆண் வேடத்தில் ஏதென்ஸ் சென்று கற்றாளாம். ரோமில் ஆசிரியராகிப் புகழ் பெற்றாளாம். நான்காம் லியோ மறைந்ததும், போப்பாண்டவராகி, ஈராண்டு, ஏழு திங்கள், நான்கு நாள் ஆண்டாளாம். பின்னர் ஊர்வலத்தில், கொலோசியத்துக்கும் புனித கிளமெண்ட் கோயிலுக்கும் இடைப்பட்ட தெருவிலே, பிள்ளை பெற்று மாண்டாளாம்.

நாள் கணக்கு வரையில் இருக்கிறது. நம்பத்தக்க சான்றுதான் இல்லை! நான்காம் லியோ இறந்தது 855 சூலையில். அடுத்து வந்தவர் மூன்றாம் பெனடிக்ட். அவர் பெயரும், பேரரசன் லோத்தர் பெயரும் பொறித்த நாணயம் கிடைத்திருக்கிறது. லோத்தரோ 855 செப்டம்பரில் கண்மூடினான். இடையே இருப்பது இரண்டு திங்களும் சில நாட்களும். அதற்குள் இரண்டரை ஆண்டு ஆட்சியை எங்கே புகுத்துவது? மேலும், 9ஆம் நூற்றாண்டின் நிகழ்ச்சி என்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டு வரையில் ஏடுகள் ஏன் வாய் திறக்கவில்லை?

நம்பியவர்கள் யார்? மதவாதிகளேதான்! சியன்னா பேராலயத்துப் போப்பாண்டவர் சிலை வரிசையிலே ஜோனும் இடம் பெற்றிருந்தாள். 1600ஐ ஒட்டித்தான் அகற்றினர். 1415இல் கான்ஸ்டன்ஸ் பேரவை முன் நின்ற யான் ஹூஸ், அவளை மெய்யாகவே எடுத்துக்காட்டினார். பின்னர் ரோமாபுரியை எதிர்த்தோருக்கு அக்கதை கூரிய வாளாயிற்று. அந்த வாளை ஒடித்தவரும் அவர்களுள் ஒருவரே! புரொட்டஸ்டண்ட் அறிஞர் டேவிட் பிளாண்டெல், 1647இல் கதையைப் பொய்யென நிலைநாட்டினார். சொந்தச் சமயத்தாரே முகம் சுளித்தனர்; அவர் அஞ்சவில்லை. எதிரியைத் தாக்க உதவுமெனினும் பொய் பொய்யே என்ற அந்த நேர்மை, நாம் கற்க வேண்டிய பாடம்.

பொய் என்றபின் இதைப் பேசுவானேன்? கதை பொய், அதைக் கட்டிய மனம் மெய்!

கூர்ந்து பாருங்கள். இது பெண்ணின் வெற்றியைப் பாடும் கதையா? வாதத்தில் அவளை வெல்ல வழியில்லை. அறிவில் குறை காட்ட இயலவில்லை. ஆகவே கதை கட்டியோர், அவள் கருப்பையையே அவளுக்குக் கண்ணியாக வைத்தனர்! உடன் குற்றம் புரிந்த ஆணுக்குத் தண்டனை உண்டா? அதைப்பற்றி மார்ட்டின் மூச்சு விடவில்லை.

106 மாதரைப் பற்றி நூல் செய்த பொக்காச்சியோ, ஜோனின் கல்வியை வியக்கிறார். அரியணை ஏறும் துணிவை ஊட்டியது மட்டும் சாத்தான் என்கிறார். கல்விக்குப் பாராட்டு, துணிவுக்குப் பழி! 1866இல் கிரேக்க எழுத்தாளர் ரோயிதிஸ் இக்கதையைப் புதினமாக்கினார். துறவிகளின் அறியாமையைத் துளைத்தெடுத்தது அவர் நையாண்டி. கிரேக்கத் திருச்சபை நூலைக் கண்டித்தது. துணிவான நூல்தான்! எனினும் அதிலும் ஜோன், நகைப்புக்குரியவளாகவே நடமாடுகிறாள். பக்தரும் பரிகாசக்காரரும் அவளை மனிதப் பிறவியாய் மதிக்கவில்லை.

அறிவுள்ள பெண் உயர்பீடம் ஏற வேண்டுமெனில், ஆண் வேடம் தவிர வேறு வழியில்லை. கதை கட்டியவர்களே தங்களையறியாமல் தந்த வாக்குமூலம் இது! அத்திருச்சபையில் குருப்பட்டம் பெண்ணுக்கு இன்றும் இல்லை.

என் வகுப்பறையில் முன்வரிசையில் அமர்ந்து, நான் திணறும் கேள்விகளைத் தொடுக்கும் சிறுமியரைக் காண்கிறேன். அவர்களுக்கு ஜோன் தேவையில்லை, வேடமும் தேவையில்லை. கதவு திறந்தால் போதும்!

பொய்க்கதையை வீசியெறிவோம். அதைப் பெற்ற அச்சத்தை, அதனினும் தொலைவில் வீசியெறிவோம்!