பெயர் சொல்லாத கேலிச்சித்திரம்: ஆனந்த விகடன் அட்டைப்படம் (1987)

நாட்டு நடப்பைப் பற்றிய ஒரு கருத்தைச் சில கோடுகளிலும் ஓரிரு வரிகளிலும் சொல்வது அரசியல் கருத்துப்படம். கேலிச்சித்திரம், கார்ட்டூன் என்றும் இதனை அழைப்பர். தமிழில் இதற்கு முன்னோடியாக அமைந்தது, பாரதியார் எழுதிவந்த ‘இந்தியா’ வார இதழ் (1906). அதில் படங்களுடன் அவற்றிற்கான விளக்கமும் அச்சிடப்பட்டது. இன்றைய படங்களில் அந்த விளக்கம் இருப்பதில்லை. பொருளைக் கண்டறியும் வேலை வாசகருடையதாகிவிட்டது.

வழக்கு

1987 மார்ச் இறுதியில் வெளியான ஆனந்த விகடன் இதழின் அட்டையில் ஒரு நகைச்சுவைப் படம் இடம்பெற்றது. மேடையில் இருப்பவர்களில் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படித் திருடனைப் போல இருப்பவர் உறுப்பினர், முகமூடிக் கொள்ளைக்காரனைப் போல இருப்பவர் அமைச்சர் என்று பதில் வருகிறது. இது அவை உரிமை மீறல் எனக் கருதிய தமிழகச் சட்டப்பேரவை, ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது. அப்போது பேரவைத் தலைவர் பி. எச். பாண்டியன். எதிர்ப்புகள் எழவே, ஓரிரு நாட்களில் ஆசிரியர் விடுவிக்கப்பட்டார்.

படத்தை வாசித்தல்

கருத்துப்படத்தை ஆராய மூன்று கேள்விகள் போதும்: என்ன வரையப்பட்டுள்ளது? சொற்கள் எதைச் சேர்க்கின்றன? எது விடப்பட்டுள்ளது?

வரையப்பட்டிருப்பது நாம் அன்றாடம் காணும் மேடைக் காட்சிதான். கேலியைச் சொற்களே கொண்டுவருகின்றன. இருவரும் திருடர்கள் என்பதோடு அது நிற்கவில்லை. பதவி உயர உயரக் கொள்ளையும் பெரிதாகும் என்னும் படிநிலையில்தான் சிரிப்பு பிறக்கிறது. கட்சி, ஆள், ஊழல் எதற்கும் பெயர் இல்லை.

இந்தப் பெயரின்மையே இதன் குறையும் ஆகும். ஒரு குறிப்பிட்ட செயலைச் சுட்டும் படத்திற்குப் பதில் சொல்ல முடியும். எல்லாரும் இப்படித்தான் என்னும் படம் வாசகரின் சலிப்பை உறுதிப்படுத்துகிறதே தவிர, புதிதாக எதையும் காட்டுவதில்லை. அரசியல் விமர்சனம் என்ற அளவில் இது நடுத்தரமானதே. ஆனால், நடுத்தரமாக இருப்பது குற்றமன்று. பெயரில்லாத படத்திற்குப் பெயர் கொடுத்தது பேரவையின் தண்டனைதான். பிரான்சில் 1831-இல் மன்னர் லூயி பிலிப்பைக் கேலிச்சித்திரத்தில் காட்டியதற்காக நீதிமன்றத்தில் நின்ற ஃபிலிப்போனும் இதையே வாதிட்டார். மன்னரின் முகம் படிப்படியாகப் பேரிக்காயாவதை வரைந்து, உருவ ஒற்றுமைக்குத் தான் பொறுப்பா என்று கேட்டார்.

பார்ப்பவர் யார்?

படத்தின் பொருள் பார்ப்பவரின் இடத்தையும் சார்ந்தது. முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய ஒரு படத்தைக் காணும் சின்னமனூர் உழவருக்கு முதலில் நினைவுக்கு வருவது வயலுக்குப் பாயும் நீர். அணைக்குக் கீழே இடுக்கியில் வாழ்பவருக்கோ, 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் வயது. மாணவர் ஒருவர் படத்தைப் பகிரும் முன், அதை எதிர்த்தரப்பில் நின்றும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் விகடன் ஆசிரியரின் சிறைவாசம் செல்லாது எனத் தீர்ப்பளித்து, 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது. தண்டனை செல்லுமா என்பதை நீதிமன்றம் சொல்லலாம். அந்தச் சிரிப்பு நியாயமானதா என்பதை வாசகர்தான் சொல்ல வேண்டும்.